வண்டி திரும்ப இடமிருக்கிறதா?

சொந்த வீடு வாங்கப் போகிற குடும்பங்களோடு சேர்ந்து வீடு பார்க்க நாம் பலமுறை போயிருக்கிறோம். தோட்டத்தில் முப்பது நாற்பது வருஷம் பால்மரம் சீவி, செம்பனைக் குலை அறுத்து, ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தை நம்பி வாங்குகிற வீடு. அப்பா சுவரைத் தட்டிப் பார்ப்பார். அம்மா நேரே அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார். பாட்டிக்குச் சாமி மேடை எந்த மூலையில் வரும் என்ற கவலை. பிள்ளைகளுக்கு எந்த அறை யாருக்கு என்ற சண்டை. எல்லாம் பார்த்து முடித்துத் தரகரோடு காடியில் ஏறிப் போய்விடுவார்கள். வீட்டு வாசலில் கிடக்கிற ரோட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

இன்றைக்கு அந்த ரோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நாம் தினமும் வேலைக்குப் போய்வருவதற்கு அந்த ரோடு போதுமா என்பதல்ல கேள்வி. நடுராத்திரியில் நம் வீடு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி அந்த ரோட்டில் வர முடியுமா? வந்தால் நிற்க முடியுமா? அடுத்த வண்டிக்கு வழிவிட்டுத் திரும்ப முடியுமா? வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஆஸ்பத்திரி வண்டி வாசல்வரை வருமா? இவைதாம் கேள்விகள்.

லயத்தில் வாழ்ந்த காலத்தில் நாம் ரோட்டைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பால் ஏற்றுகிற லோரியும், பின்னாளில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியும் வந்து திரும்ப வேண்டும் என்பதற்காகத் துரைமார் செம்மண் ரோட்டை அகலமாகவே போட்டு வைத்திருந்தார்கள். அது நம்முடைய உயிரை நினைத்துப் போட்ட ரோடு அல்ல. பாலை நினைத்துப் போட்ட ரோடு. ஆனாலும் லோரி வந்த இடத்துக்கெல்லாம் மற்ற வண்டிகளும் வரமுடிந்தது. லயத்துக்கு முன்னால் திடல் இருந்தது. ஒரு பக்கம் பாலம் உடைந்தால் இன்னொரு பக்கம் காட்டு ரோட்டில் சுற்றிக்கொண்டு வரலாம். ஸ்டோரில் சிவப்பு வாளிகளில் மணல் தொங்கியதையும் பலர் பார்த்திருப்பீர்கள். தீயணைப்பு நிலையம் மட்டும் தூரத்தில் இருந்தது. பட்டணம் தூரம், ஆனால் வழி இருந்தது.

இன்றைக்கு அது தலைகீழாக மாறிவிட்டது. தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். புத்ராஜெயா நிற்கிற இடம் பிராங் பெசார் தோட்டம். பங்சார்கூட ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டந்தான். இப்போது தீயணைப்பு நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து தாமானின் வாசல்வரை நல்ல தார் ரோடும் இருக்கிறது. கடைசி இருநூறு கஜத்தில்தான் வண்டி மாட்டிக்கொள்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு தாமானில் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறோம். கோலசிலாங்கூர்ப் பக்கத்தில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நிறைந்த சிறிய தாமான் அது. உள்ளே வருவதற்கு முன்வாசல் ஒன்று. பின்பக்கத்தில், செம்பனைக் காட்டை ஒட்டி, இரும்புக் கதவு போட்ட இன்னொரு வழி. மோட்டார் சைக்கிள்கள் அடிக்கடி களவு போனதால் அந்தப் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். முதன்முதலில் பூட்டுப் போடச் சொன்னவர், தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எல்லாரும் அவரை மண்டோர் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் தாமானே கேட்கும்.

ஒரு சனிக்கிழமை இரவு அவருடைய பேத்திக்குப் பரிசம். வாசலில் பந்தல் போட்டார்கள். பந்தல் ரோட்டின் இந்தக் கானிலிருந்து அந்தக் கான்வரை அடைத்துக்கொண்டு நின்றது. சமையலும் அதே பந்தலின் ஓரத்தில்தான். விருந்தாளிகளின் காடிகள் இரண்டு பக்கமும் நின்றன. பதினொரு மணிக்குத் தாத்தாவுக்கு நெஞ்சு வலித்தது. பிள்ளைகள் 999-க்குக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வண்டி வந்தது, தெருமுனையிலேயே நின்றது. முன்னால் காடிகள், அதற்கப்பால் பந்தல். பின்கதவு வழியாகச் சுற்றி வரச் சொன்னார்கள். சாவி எங்கே என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். சாவியை வைத்திருந்தவர் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போயிருந்தார்.

கடைசியில் தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பழைய நாளில் தோட்டத்து டிரஸ்ஸரிடம் ஆளைக் கட்டிலோடு தூக்கிப் போனார்களே, அதே மாதிரி. கால் மணி நேரம் வீணாகிவிட்டது. தாத்தா பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு வலித்தது நெஞ்சாக இல்லாமல், எரிந்தது வீடாக இருந்திருந்தால், வீட்டை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மறுவாரம் நாம் அங்கே போனபோது ஒரு தம்பி அளவு நாடாவைக் கொண்டுவந்தார். தாத்தா வீட்டு வாசலில் தார் போட்ட பகுதியை அளந்தோம். இருபது அடி. ஒரு சாதாரணக் காடியின் அகலம் ஏறக்குறைய ஆறடி. இரண்டு பக்கமும் காடி நின்றால் பன்னிரண்டு அடி போய்விடும், மீதி எட்டு. நம் நாட்டுச் சாலைகளில் ஓடுகிற லோரிகளுக்கு இரண்டரை மீட்டர் அகலம் உண்டு. தீயணைப்பு வண்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டரை மீட்டர் என்றால் எட்டடியும் இரண்டு அங்குலமும். பக்கக் கண்ணாடிகளை அதில் சேர்க்கவில்லை. அந்தத் தம்பி நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “ரெண்டு இஞ்சியிலே மாட்டிக்கும் சார்” என்றார். நாம் சிரித்துவிட்டோம், ஆனால் அவர் சொன்னது சரியான கணக்கு.

வண்டி நுழைந்துவிட்டால் மட்டும் போதாது. குழாய்ச் சுருள்களும் கருவிகளும் வண்டியின் இரு பக்கங்களிலும் உள்ள அறைகளில் இருக்கின்றன. அந்தக் கதவுகளைத் திறந்து பொருள்களை எடுக்க வீரர்களுக்கு இடம் வேண்டும். ஏணியைச் சாய்க்க வேண்டுமானால் இன்னும் அதிக இடம் வேண்டும். எடையையும் பாருங்கள். தண்ணீர் நிறைந்த வண்டி பத்து டன்னுக்கு மேலே இருக்கும். காடி தாங்குகிற மெல்லிய கான் மூடியின்மேல் அது ஏறினால் மூடி உடைந்து சக்கரம் கானில் இறங்கிவிடும். பிறகு அந்த வண்டியே ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வருகிற எந்த வண்டிக்கும் வழியில்லை.

தாமான்களில் நாம் காண்கிற சாதாரண ரோட்டுக்கு நாற்பது அடி, அதாவது 12 மீட்டர் நிலம் ஒதுக்குவது வழக்கம். பெரிய ரோடானால் ஐம்பது அடி, அறுபத்தாறு அடி என்று கூடும். நாற்பது அடி என்றவுடன் நாற்பது அடிக்கும் தார் போட்டிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கான், நடைபாதை, புல்வெளி, மின்கம்பம் எல்லாம் அதற்குள்தான். தார் ஏறக்குறைய பாதிதான் வரும். நம் ஆட்களில் சிலர் வாசலுக்கு வெளியே இருக்கிற புல்வெளியிலும் சிமெண்டு போட்டு, பூத்தொட்டி வைத்து, கூரையும் இழுத்துவிடுகிறார்கள். அது நம்முடைய நிலம் அல்ல. ரோட்டுக்கென்று ஒதுக்கிய நிலம்.

பெரிய கட்டடங்களுக்குச் சட்டம் இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறது. 1984-ஆம் ஆண்டின் ஒரேசீர் கட்டட உபவிதிகள் என்று ஒன்று உண்டு. 7,000 கன மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் எதுவானாலும் 12 மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ரோட்டையோ திறந்த வெளியையோ ஒட்டியிருக்க வேண்டும், அங்கே தீயணைப்பு வண்டிகள் வரமுடிய வேண்டும் என்பது அதன் விதி. தோட்டத்தைவிட்டு வந்த நம் மக்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்கு இது பொருந்துகிறது. கட்டடம் பெரிதாகப் பெரிதாக அதன் சுற்றளவில் எவ்வளவு பங்கு ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கூடிக்கொண்டே போகும். மாடி வீட்டுக்காரர்கள் கீழே இறங்கி ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். கட்டியபோது வண்டி நிற்க விட்ட இடத்தில் இன்றைக்கு என்ன நிற்கிறது? ஓட்டைக் காடிகள், பழைய மெத்தைகள், அப்பளம் பொரிக்கிற கடை.

அதே உபவிதிகள் தண்ணீரைப் பற்றியும் சொல்கின்றன. தீயணைப்பு வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள், அதாவது முந்நூறு அடிக்குள், ஒவ்வொரு கட்டடத்துக்கும் தீயணைப்பு நீர்க்குழாய் ஒன்றாவது இருக்க வேண்டும். தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் தூண் மாதிரி நிற்கிறதே, அதுதான். வண்டியிலேயே தண்ணீர் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். வண்டியில் இருப்பது பெரும்பாலும் இரண்டாயிரம் லிட்டர் அளவுதான். ஒரு குழாயில் நிமிடத்துக்கு நானூறு ஐந்நூறு லிட்டர் பீய்ச்சினால் நான்கைந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்குள் தெருக்குழாயில் இணைத்தாக வேண்டும். அந்தக் குழாயைச் சுற்றி வாழைக்கன்று வைத்து, அதிலேயே துணி காயப்போடக் கயிறும் கட்டியிருக்கிற வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி அந்தக் குழாயை மறைப்பதும் மூடுவதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இருட்டில் அதைத் தேடி அலைகிற வீரரை நினைத்துப் பாருங்கள்.

இனி முட்டுச்சந்துக்கு வருவோம். ஒரு பக்கம் மட்டும் திறந்து, மறுபக்கம் சுவரிலோ வேலியிலோ முடிகிற தெரு. போக்குவரத்து இல்லை, பிள்ளைகள் விளையாடலாம் என்று வாங்குகிறவர்கள் விரும்புகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அப்படிப்பட்ட தெரு நீளமாகப் போனால் அதன் முடிவில் வண்டி திரும்புவதற்கு வட்டமாகவோ, ‘டி’ எழுத்து மாதிரியோ இடம் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்த வண்டி தண்ணீர் தீர்ந்தபின் வெளியேற முடியாது, அடுத்த வண்டி உள்ளே வர முடியாது. பத்து டன் வண்டியை இருட்டில், புகையில், இரண்டு பக்கமும் காடிகள் நிற்கிற தெருவில் பின்னுக்கு ஓட்டுவது லேசான காரியமா? திரும்ப விட்ட அந்த வட்டத்தில்தான் அக்கம்பக்கத்தார் லோரியை நிறுத்துகிறார்கள். சில இடங்களில் பூப்பந்து ஆட வலையும் கட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இரண்டாவது வழி. நூறு வீடு, இருநூறு வீடு இருக்கிற தாமானுக்கு ஒரே வாசல் என்றால், அந்த வாசலில் ஒரு மரம் விழுந்தாலும் லோரி கவிழ்ந்தாலும் அத்தனை குடும்பமும் உள்ளே அடைபட்டுப் போகும். ஆபத்து வேளையில் ரோடு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. உதவி உள்ளே வரவேண்டும், மக்கள் வெளியே போகவேண்டும். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் காலை புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியபோது, நோன்புப் பெருநாளின் மறுநாள் அது, வீட்டிலிருந்தவர்கள் உடுத்திய துணியோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். தீ அடங்கப் பிற்பகல் ஆகிவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே சொல்லமுடியாது. தீ எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடவேண்டும். அங்கே வழி இருக்க வேண்டும்.

நெருப்புக்கு மட்டுமல்ல இது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரோடு முழுகியபின் வண்டி வரமுடியாமல், மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். ஆகவே இரண்டாவது வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது முதல் வழியைப் போலவே பள்ளத்தில் கிடக்கிறதா, மேட்டில் போகிறதா என்றும் கேளுங்கள். இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் போய்ச் சேர்ந்தால் அதை இரண்டு வழி என்று எண்ணுவதற்கில்லை.

ஒரே வாசல் என்பது நம் மக்களுக்குப் புதிதும் அல்ல. 1950-களில், அவசரகாலத்தின்போது, சிதறிக் கிடந்த தோட்ட லயங்களை ஓரிடத்தில் சேர்த்து, சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் காவல் வைத்தார்கள். நம் பாட்டன் பாட்டிமார் அந்த வேலிக்குள் இருந்தவர்கள். வேலியை எடுத்த நாளில் நிம்மதியாக மூச்சு விட்டதாகச் சொல்வார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் சந்தா கட்டி வேலி போட்டுக்கொள்கிறார்கள். திருட்டுப் பயம் பொய் என்று நாம் சொல்லவில்லை. களவு கொடுத்தவனுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் காவல் வைப்பது வேறு, ரோட்டை அடைப்பது வேறு. தாமானுக்குள் இருக்கிற ரோடு ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டபின் அது பொது ரோடு. அதில் எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி வைப்பதற்கும் சங்கிலி கட்டுவதற்கும் நமக்கு உரிமை இல்லை. காவல் கொட்டகையோ தடுப்புக் கம்போ வேண்டுமானால் குடியிருப்பாளர் சங்கம் ஊராட்சி மன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் பூட்டிக் கிடக்கிற கதவுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சரி, வீடு வாங்கப் போகிறவர் என்ன செய்யலாம்? கையெழுத்துப் போடுவதற்குமுன் மனைகளும் ரோடுகளும் வரைந்த படத்தைக் கேளுங்கள். மலாயில் பெலான் சூசுன் ஆத்தூர் என்பார்கள். விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்துத் தருகிற படத்தையும் பாருங்கள். உங்கள் மனையின் எண்ணைக் கண்டுபிடித்து, அங்கே விரலை வைத்துக்கொண்டு பெரிய ரோடுவரை இழுத்துப் போங்கள். பிறகு வேறொரு வழியில் இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். ரோட்டின் அகலம் அதில் எழுதியிருக்கும். லாலுவான் கெச்செமாசான் என்று எழுதிய கோடு இருந்தால் அது அவசர வழி. அது எங்கே போய் முடிகிறது? பக்கத்து நிலம் யாருடையது? ‘பிற்காலத்தில் இந்த ரோடு நீளும்’ என்று தரகர் சொன்னால், எந்தப் பிற்காலம் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். எழுத்து தெரியாத தாய்மார்கள்கூட விரலால் வழி தேட முடியும். பள்ளிக்குப் போகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படம் பார்ப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

வீடமைப்புச் சட்டத்தின்கீழ் வருகிற தரை வீட்டு ஒப்பந்தத்தில், ரோடு, கான், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை மேம்பாட்டாளர் தம் சொந்தச் செலவில், அதிகாரிகள் கேட்கிற தரத்தில் கட்டித் தரவேண்டும் என்று இருக்கிறது. ரோட்டுக்கு விட்ட நிலத்தை அவரால் விற்கமுடியாது. ஆகவே கேட்ட அளவுக்குமேல் ஓரடிகூட விடமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அது வியாபாரம். கேட்ட அளவாவது இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. முன்பெல்லாம் வீடு குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழை ஊராட்சி மன்றம் கொடுத்தது. 2007-க்குப் பிறகு, திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்துகிற கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ கொடுக்கிறார். மன்றத்து அதிகாரி வந்து தெருத்தெருவாக நடந்து பார்த்திருப்பார் என்று நாமாக எண்ணிக்கொள்ள வேண்டாம். சாவி வாங்குகிற நாளில் அளவு நாடாவோடு ஒருமுறை நாமே நடந்துவிடுவோம்.

ஏற்கெனவே சொந்த வீட்டில் இருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தாமானுக்குப் பக்கத்தில் இருக்கிற தோட்ட நிலம் விற்கப்பட்டுப் புதிய தாமான் வரப்போகிறது என்று வையுங்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அந்த வட்டாரத்துக்கென்று திட்ட வரைவு இன்னும் இல்லாத இடங்களில், அண்டை நிலச் சொந்தக்காரர்களுக்கு ஊராட்சி மன்றம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். நாம் என்ன செய்கிறோம்? மலாயில் கடிதம் வந்திருக்கிறது, தம்பி வந்தால் படிக்கச் சொல்லலாம் என்று அலமாரியின்மேல் வைக்கிறோம். தம்பி வருவதற்குள் 21 நாள் போய்விடுகிறது. புதிதாக வருகிற முந்நூறு வீட்டுக்கும் உங்கள் தெருதான் ஒரே வழி என்று அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கலாம்.

இன்னும் லயங்களில் இருக்கிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பனைக் குலை திருட்டைத் தடுக்கப் பல தோட்டங்களில் காட்டு ரோடுகளின் குறுக்கே ஆழமான பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். இரவில் இரும்புக் கம்பை இறக்கிப் பூட்டுகிறார்கள். அப்படியானால் லயத்திலிருந்து வெளியேற எந்த வழி மிச்சமிருக்கிறது, சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்பதைக் கிராணியிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ கேட்டு வையுங்கள். வீட்டுப் பெண்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் இரவு வேலைக்குப் போயிருக்கிற நேரத்திலும் ஆபத்து வரும்.

பந்தல் போடவே கூடாதா என்று கேட்பீர்கள். கல்யாணமும் கருமாதியும் வீட்டு வாசலில் நடப்பது நம் வழக்கம். அதை விடச் சொல்ல நமக்கு மனமில்லை. ஊராட்சி மன்றத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பந்தலை ரோட்டின் ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டு, மறுபக்கம் ஒரு லோரி போகிற அளவு விடுங்கள். அதற்கு இடமில்லாத குறுகிய தெருவானால் சமூக மண்டபமோ திடலோ பாருங்கள். காடிகளைத் திடலில் நிறுத்தச் சொல்லி இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். சாப்பாடு பரிமாற இருபது பேர் ஓடிவருகிறார்கள், இதற்கு இரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா?

ஆபத்து வந்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 999. தீயணைப்பு, ஆஸ்பத்திரி, போலீஸ் மூன்றுக்கும் அந்த எண்தான். பதற்றத்தில் ‘எங்கள் வீடு எரியுது, சீக்கிரம் வாங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். தாமான் பெயர், ஜாலான் எண், வீட்டு எண், பக்கத்தில் கோயிலோ பள்ளிக்கூடமோ இருந்தால் அது, எந்த வாசல் திறந்திருக்கிறது என்பது, இவ்வளவையும் சொல்லுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள தாமான்கள் ஒரே ஊரில் மூன்று நான்கு இருக்கின்றன. ஒரு பையனை டார்ச் லைட்டோடு பெரிய ரோட்டு முனைக்கு அனுப்புங்கள். இன்னும் இரண்டு பேர் தெருவில் நிற்கிற காடிக்காரர்களை எழுப்பிக் காடிகளை நகர்த்தச் செய்யட்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுடைய மோட்டார் சைக்கிள்களே பலமுறை வழியை அடைக்கின்றன.

மண்டோர் தாத்தாவின் தாமானில் அந்தப் பின்கதவுப் பேச்சு மூன்று கூட்டம் நடந்தது. பூட்டை எடுத்துவிட வேண்டும் என்று சிலர். மறுபடியும் மோட்டார் சைக்கிள் போகும் என்று சிலர். தாத்தா கைத்தடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு கூட்டத்திலும் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில், “பூட்டு போடச் சொன்னவன் நான். சாவி யார்கிட்ட இருக்கணும்னு சொல்ல மறந்துட்டேன்” என்றார். பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. கதவின் பூட்டுக்கு நான்கு சாவி வெட்டினார்கள். ஒன்று முன்வாசல் காவல் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. அங்கே இரவும் பகலும் ஆள் உண்டு. கதவுக்கு அடுத்த இரண்டு வீடுகளில் ஒவ்வொன்று. நான்காவது தாத்தா வீட்டில், சாமி மேடைக்குப் பக்கத்தில். வட்டாரத் தீயணைப்பு நிலையத்துக்கும் கடிதம் எழுதி, எந்தக் கதவு, எந்த வீடுகளில் சாவி என்று தெரியப்படுத்தினார்கள். மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் போடுகிற சனிக்கிழமை, இரண்டு பையன்கள் போய்ப் பூட்டைத் திறந்து எண்ணெய் விட்டு மூடிவிட்டு வருகிறார்கள்.